இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கல்வி நிர்வாகத்தில் முனைவர் பட்டம் வாங்கி ஆறு மாதமாகியும் துணை முதல்வருக்குச் சம்பளம் ஒரு பைசா ஏறவில்லை. நடையாய் நடந்து அலுத்தவர், இன்று தாளாளர் அறைக்குள் கொதிப்போடு நுழைந்தார்.

"ராப்பகலா உக்காந்து ஆறு வருஷம் எழுதினேன் சார். வாசல் போர்டுல மட்டும் டாக்டர்னு போட்டுக்கிட்டா போதுமா?"

"பட்டத்துக்காகச் சம்பளம் ஏத்துறது பள்ளிக்கூடத்துக்கு வீண் செலவுன்னு ஒரு ஆராய்ச்சி சொல்லுதே."

"எந்த மடையன் சார் அதை எழுதினான்?"

தாளாளர் இழுப்பறையிலிருந்து தடித்த நீல அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க கையெழுத்துப் போட்டு எனக்குக் குடுத்த உங்க ஆய்வேடுதான், டாக்டர். எந்த மடையன் எழுதினான்னு நீங்கதான் சொல்லணும்."