இரட்டை மாதுளை

“நேரம் தப்பிப் போச்சு டாக்டர். துளிர் பருக்கணும், ஆனா விரியக் கூடாது. அப்பதான் வேருல கை வைக்கலாம். இப்பப் பிரிச்சா ரெண்டு மரமும் போயிடும்” என்றாள் நர்சரிக்கார அக்கா.

பல் டாக்டரும் அவர் மனைவியும் போன்சாய்த் தொட்டியையே பார்த்தார்கள். ஒரே தொட்டியில் பின்னி வளர்ந்த இரண்டு குட்டி மாதுளைகள். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து நட்டவை. கட்டில் முதல் கரண்டி வரை பங்கு போட்டாயிற்று. இதையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துவிட்டால், அடுத்தது வக்கீலிடம் போய்க் கையெழுத்துதான்.

“வேரோட பிடுங்கறதுதானே என் தொழில்? நானே பிடுங்கிக்கறேன்” என்றார் டாக்டர்.

“பல்லு போனா பல்லு கட்டுவீங்க. வேர் போனா எதைக் கட்டுவீங்க?”

“அப்ப எப்பதான்க்கா?” என்றாள் மனைவி.

“அடுத்த வருஷம்தான்மா. அதுவரைக்கும் ரெண்டு பக்கமும் கிளையைச் சமமாக் கவாத்து பண்ணணும். ஒண்ணு ஓங்கிட்டா, இன்னொண்ணு நிழல்ல நோஞ்சானாயிடும். ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் வெட்டணும்.”

தொட்டி மனைவி வீட்டில் இருந்தது. டாக்டர் வாராவாரம் கத்தரியோடு வந்தார். முதலில் பேச்செல்லாம் மரத்தோடு சரி. “இதைப் பிடி”, “அதை வெட்டாதீங்க”. பிறகு ஒரு காபி. பிறகு எலியும் பூனையுமாய் ஒரு சண்டை, பாதியில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மழை நாளில் வந்தவர் திரும்பிப் போகவே இல்லை.

மறுவருஷம் இருவரும் தொட்டியோடு வந்தார்கள்.

“பிரிக்க வேண்டாம்க்கா. பெரிய தொட்டிக்கு மாத்திக் குடுங்க, போதும்.” டாக்டர் கைகூப்பினார். “அன்னிக்கு நேரம் தப்பிப் போச்சுன்னு நீங்க சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தையிலதான் எங்க குடும்பம் நிக்குது. உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டோம்.” மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு எதுக்கு நன்றி?” அக்கா சிரித்தாள். “அன்னிக்கு வேர் வெட்ட அதைவிட நல்ல நேரம் கிடையாது. முந்தின நாள் காலையில நீங்க வந்து, ‘நேரம் தப்பிடுச்சுன்னு சொல்லிடுங்கக்கா, அவளுக்குத் தெரிய வேண்டாம்’னு கெஞ்சினீங்க. சாயங்காலம் இவங்களும் தனியா வந்து, அதையேதான் கெஞ்சினாங்க!”