வீட்டில் இருக்கிறவள்

அதிகாரி அர்ஜுனன், பல்லியைக்கூட மனு கொடுத்துவிட்டுத்தான் சுவரில் ஏறச் சொல்பவர். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்கு அரசாங்கச் செலவில் காப்பகம் என்றதும் முதல் ஆளாக ஓடிவந்த பிள்ளையார்பாளையத்துக் கிருஷ்ணவேணியின் மனுவைத் திருப்பித் தள்ளினார்.

“நீ வீட்லதானேமா இருக்கிற?”

“வீட்லதான் சார் தறி இருக்குது. புள்ள தவழ்ந்து வந்து தறியில கட்டியிருக்கிற பாவு நூலை இழுத்தா ஒரு மாசத்து நெசவு போச்சு!”

“வீட்ல இருந்தா அது வேலையில்ல. ரூல் அப்படி.”

“அப்போ நான் சும்மா இருக்கேன்னு எழுதிக் குடுங்க சார். எனக்கு நெய்யக் குடுத்த ஜவுளிக்கடையில காட்டிட்டு, புள்ளயப் பாத்துக்கினு உக்காந்துக்கிறேன்.”

“கடையில எதுக்கு?”

“தறியில முந்தானை மட்டும் பாக்கி நிக்குற முகூர்த்தப் பொடவை உங்க பொண்ணுக்குத்தானாம் சார். வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணமாமே!”

பேனா தீப்பிடிக்கும் வேகத்தில் கையெழுத்துப் போட்ட அர்ஜுனன் எழுந்தே நின்றுவிட்டார்.

“குழந்தையை இப்பவே கொண்டாந்து விடுங்கம்மா!”