வாய்தவறிய லட்சியம்

ஏழு வருடத்துக்கு முன்னால் டிவியில் யானை குளிப்பதைப் பார்த்துக்கொண்டே, "நம்மளும் இப்படி ஒண்ணு வளக்கணும்டி" என்று மனைவி வடிவாம்பாளிடம் பங்கஜாட்சன் வாய்தவறிச் சொல்லிவிட்டார். வீட்டில் யார் ஆசையைச் சொன்னாலும் கேட்டு நிறைவேற்ற வைக்கும் இலக்குப் பெட்டி சுவரில் இருந்தது. அது அதை அவருடைய வாழ்நாள் லட்சியமாகப் பதிந்துகொண்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் பெட்டி ஒரு சின்ன வேலை சொல்லும். அதை முடிக்கும்வரை வீட்டில் அடுப்பைப் பற்றவிடாது. முதல் நாள் ஒரு கரும்பு நட்டால் போதும் என்றது. மூன்றாம் வருடம் வாசல் நிலையைப் பெயர்த்து அகலமாக்கச் சொன்னது. பசி தாங்காமல் அதையும் செய்தார்.

"வேணாம்னு சொல்லித் தொலைங்களேன்" என்று வடிவாம்பாள் அழாக்குறையாகக் கெஞ்சினாள்.

"சொல்லாம இருப்பேனா? 'பாதி வழியில சோர்வு வர்றது சகஜம், மனம் தளராதீங்க'ங்குது."

நேற்றுக் காலை லாரியில் யானை வந்து இறங்கியது. பங்கஜாட்சன் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வடிவாம்பாள்தான் ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள். யானை அதைத் தின்றுவிட்டு அவள் கன்னத்தைத் துதிக்கையால் தடவியது. அவள் கூச்சம் தாளாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் அவர் வெளியே வந்தார்.

"வாழ்த்துகள்! லட்சியம் நிறைவேறிவிட்டது. அடுத்த லட்சியம் என்ன?" என்றது பெட்டி.

இருவரும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

யானை பிளிறியது.

"அருமையான லட்சியம்" என்றது பெட்டி. "பதிந்துகொண்டேன்."