சம்பளக்காரர்

"சம்பளம் இருபத்திரண்டாயிரம்னு போட்டுக்குங்க, அம்மணி." சமையலறையில் இருக்கும் மனைவிக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னான் மருதாசலம்.

ஞாயிற்றுக்கிழமை குடும்ப வருமானக் கணக்கெடுப்புக்கு வந்திருந்த சைத்ரா டேப்லெட்டில் தட்டிக்கொண்டாள். "எங்க வேலைங்கண்ணா?"

"கணபதியில ஒரு பவுண்டரியில சூப்பர்வைசருங்க."

காபியோடு வந்தாள் புவனா. "உங்களுக்கு ஏதாச்சும் வருமானம் உண்டுங்களாக்கா?" என்றாள் சைத்ரா.

"எனக்கென்னங்க, இவரு சம்பளத்துலதான் குடும்பம் ஓடுது."

டம்ளரை நீட்டிய விரல்களெல்லாம் வெடித்திருந்தன. சோப்பு மாற்றியது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

சைத்ரா ரேஷன் கார்டு கேட்டாள். மருதாசலம் உள்ளே போய் பீரோவைக் குடைந்து எடுத்து வந்து காட்டினான். அவ்வளவுதான், கிளம்பிவிட்டாள்.

அவனால் உட்கார முடியவில்லை. "கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு ஓடினான். சைத்ரா அப்போதுதான் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, ஒரு நிமிஷம். அந்தச் சம்பளத்தை அழிச்சுப்போடுங்க. எனக்கு வேலை போயி நாலு மாசமாச்சு."

யாரிடமும் சொல்லாதது மளமளவென்று கொட்டியது. ஒரு வார்ப்பு வீணானதற்கு, முதலாளி லட்சுமிநாராயணன் அத்தனை பேர் முன்னால், "என் ஊட்டு எச்சைச் சோத்துல வளர்ற நாய்" என்றாராம். கையுறையைக் கழற்றி வீசிவிட்டு வந்துவிட்டான். அன்றிலிருந்து தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பொழுது சாயும்வரை உக்கடம் குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறான்.

"கைமாத்து வாங்கிச் சம்பளம்னு குடுத்தேன். இப்ப ரெண்டு மாசமாப் பாதிதான் குடுக்க முடிஞ்சுது. அதுலயே ஒரு குறையும் இல்லாம ஓட்டிப்போடறாளுங்க. அவகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலை. உங்க கணக்குலயாச்சும் நெசம் இருக்கட்டுங்க."

சைத்ரா தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களுக்கு வருமானம் இல்லைன்னு முன்னாடியே மாத்திட்டேனுங்கண்ணா."

"எப்படிங்க?"

"நீங்க கார்டு எடுக்க உள்ள போனப்ப அக்கா சொன்னாங்க. 'பாவம், அவருக்கு வேலையில்லைங்க. என் பேருல ஒன்பதாயிரம்னு போட்டுக்குங்க. அவருக்குத் தெரிஞ்சா உசுரை விட்டுருவாரு'ன்னாங்க. நான் சொல்லியிருக்கக் கூடாது."

"அவ என்ன வேலைக்குப் போறா?"

"பாத்திரம் கழுவற வேலைங்கண்ணா. நீங்க அந்தப்பக்கம் போனதும் போயிட்டு, நீங்க வர்றதுக்குள்ள வந்துருவாங்களாம்."

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அவன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். "யாரு ஊட்லங்க?"

சைத்ரா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்பச் சொன்னீங்களே, அந்த முதலாளி ஊட்லதானுங்க."