மயில் ப்ரூச்

ஆபீஸ் விழாவில் சிலரை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டுக் குத்திவிட்ட கல் பதித்த மயில் ப்ரூச், ஜூனியர் அஷ்வினின் சட்டையில் மின்னுவதைப் பார்த்ததும் ராஜேஷ்குமாருக்கு வயிறு எரிந்தது. அவன் செய்யும் தப்பையெல்லாம் தினமும் திருத்துவது இவர். மயில் அவனுக்கு, கைதட்டும் வேலை இவருக்கா?

எலெக்ட்ரானிக் சிட்டியின் அந்தக் கம்பெனியில் இந்த மாதம் ஆள் குறைப்பார்கள் என்று கேன்டீன் முழுக்கப் பேச்சு. மயில் கிடைத்தவன் தப்பித்தான் என்று ராஜேஷ்குமார் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். போன வாரம்தான் மாமனாரிடம், "என்னை யாரும் அசைக்க முடியாது" என்று பீற்றிக்கொண்டு வந்திருந்தார். வேலை போனால் அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது?

மேடையில் ஹெச்ஆர் ஸ்ரீவித்யா மைக்கைப் பிடித்திருந்தாள்.

"ப்ரூச்ங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? பழைய பிரெஞ்சு வார்த்தை. கூரான ஊசின்னு அர்த்தம். கறியைக் குத்தி நெருப்புல வாட்டற கம்பிக்கும் அதே பேர்தான்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஹெச்ஆர் ஜோக்குக்குச் சிரிக்காமல் இருக்க யாருக்குத் தைரியம் வரும்?

"ப்ரூச் வாங்கினவங்க ஐடி கார்டைக் கழட்டி இந்த ட்ரேல போட்டுடுங்க. போட்டோல மயிலை மறைக்குது."

ராஜேஷ்குமாரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று மேடை ஏறிவிட்டார்.

"மேடம், என் பேரை விட்டுட்டீங்க."

"இல்ல ராஜேஷ், உங்க பேர் வரலை."

"ப்ராஜெக்டே என் தலையிலதான் ஓடுது. நேத்து வந்த பசங்களுக்கு மயிலு, எனக்கு ஒண்ணும் இல்லையா? நான் சும்மா விடமாட்டேன் மேடம்!"

ஸ்ரீவித்யா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுத்தான் கேக்கறீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அவள் ஓரமாகப் போய் யாரிடமோ போனில் பேசினாள். திரும்பியபோது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "மேல சந்தோஷமா ஓகே சொல்லிட்டாங்க ராஜேஷ்."

அவளே மயிலைக் குத்திவிட்டாள். ஊசி சட்டையைத் தாண்டிச் சுருக்கென்றது. ராஜேஷ்குமாருக்கு அதுகூட இனித்தது.

ஐடி கார்டை ட்ரேயில் வீசினார். அஷ்வினைத் தோளால் தள்ளிவிட்டு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அதைக் கையோடு மாமனாருக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார்.

கைதட்டல் அடங்கியதும் ஸ்ரீவித்யா மறுபடி மைக்கை எடுத்தாள்.

"ப்ரூச் குத்தினவங்க மட்டும் நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்."