கடைசி ஆள் வந்ததும்

அப்பா வந்து சேர இன்னும் பத்தடி இருக்கும்போதே அவன் எழுந்துவிட்டான்.

பையைத் தோளில் மாட்டினான். கால்சட்டையின் தூசியைத் தட்டினான். அப்பா கடைசி மேட்டை ஏறி வந்து நின்றார். கையை நீட்டினால் பெஞ்சு. மரக்கட்டை போலவே வண்ணம் பூசிய சிமெண்டு பெஞ்சு. வனத்துறை அரைக் கிலோமீட்டருக்கு ஒன்று போட்டிருக்கிறது.

“கெளம்பலாம்” என்றான்.

அப்பா பெஞ்சைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். நடக்கத் தொடங்கினார்.

இது மூன்றாவது பெஞ்சு.

அடிவாரத்துப் பலகையில் ‘குடும்பத்துடன் நடக்க ஏற்ற பாதை’ என்று எழுதியிருந்தது. பொய்யில்லை. மூங்கில் நிழல், அதிகமில்லாத சரிவு. ஆங்காங்கே உட்கார்ந்து எழுந்தால் எழுபத்தொரு வயதிலும் ஏறிவிடலாம்.

உட்கார்ந்து எழுந்தால்.

முதல் பெஞ்சில் அவன் எதையும் நினைத்துச் செய்யவில்லை. அவனும் மனைவி சுபத்ராவும் மகள் இனியாவும் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றார்கள். தின்று முடிக்கும்போது அப்பா வந்தார். இவர்கள் எழுந்தார்கள். அவ்வளவுதான். அப்போது அப்பாவின் முழங்கால் ஒருமுறை நடுங்கியது. அதைப் பார்த்ததும் அவனுக்குள் ஏதோ இனித்தது. இனித்தது கடலை மிட்டாய் இல்லை என்று அவனுக்கே தெரியும்.

இரண்டாவது பெஞ்சில் தெரிந்தேதான் எழுந்தான்.

சின்ன வயதிலும் இதே மலைதான். அப்போது பெஞ்சு கிடையாது, பாறைகள்தான். அப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது பையன்களை மேலே நடத்திக் கூட்டிப்போவார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. கடைசி ஆள் வந்ததும் விசில். முன்னால் போனவர்கள் பாறையில் மல்லாந்து கிடந்து ஊர்க்கதை பேசலாம். கடைசி ஆள் வந்து மூச்சு வாங்கும்போது விசில் ஊதுவார்.

கடைசி ஆள் எப்போதும் ஒருவன்தான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். இவன் படிப்பில் கெட்டிக்காரன், நடையில் மக்கு. மற்ற எல்லாருக்கும் ஓய்வு உண்டு. அவனுக்கு மட்டும் கிடையாது.

அவனுக்கு ஒன்பது வயது. செருப்பு கடித்துக் குதிகால் தோல் உரிந்திருந்தது. மூன்றாவது பாறையில் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“அப்பா, அஞ்சு நிமிஷம்.”

“மலையில அப்பா கிடையாது. சார்னு கூப்பிடு.”

பையன்கள் சிரித்தார்கள்.

“அஞ்சு நிமிஷம் சார்.”

அப்பா விசிலை வாயில் வைத்து ஊதினார்.

இப்போது அந்த அஞ்சு நிமிஷத்தை அவர் ஒருமுறை கேட்டால் போதும். அரை மணி நேரம்கூடக் கொடுப்பான். பக்கத்தில் உட்கார்ந்து காலைக்கூடப் பிடித்துவிடுவான். வாயைத் திறந்து கேட்கட்டும்.

உங்க பிறந்தநாளுக்கு மலைக்குப் போவோமா அப்பா என்று அவன் கேட்டபோது, அந்த மனிதர் அன்று சாயங்காலமே போய்ப் புது ஷூ வாங்கிவந்தார்.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று பழமொழி. இந்த வீட்டில் இரண்டுமே கல்லு.

நான்காவது பெஞ்சில் சுபத்ரா சொன்னாள். “அவரு கொஞ்ச நேரம் உக்காரட்டுமேங்க.”

“வேணும்னா அவரே கேப்பாரு.”

இனியா பெஞ்சிலிருந்து இறங்கி நின்றாள். எட்டு வயது. “நான் தாத்தாகூட வர்றேன்.”

“இங்கயே உக்காரு. கால் வலிக்கும்.”

அவள் கேட்கவில்லை. சரிவில் ஓடி, தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதிலிருந்து கடைசி ஆட்கள் இரண்டு பேர்.

ஐந்தாவது பெஞ்சுக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். குழந்தைக்கு இரைத்தது. அவன் அதைப் பார்த்தான். ஆனாலும் எழுந்தான். அப்பாவின் உதடு வெளுத்திருந்தது. இன்னும் ஒரே ஒரு பெஞ்சுதான். கேட்டுவிடுவார் என்று தோன்றியது.

கடைசிப் பெஞ்சு உச்சிக்குக் கீழே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பாதை முழுக்கத் தெரியும். கீழே வளைவில் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். அப்பா குனிந்து குழந்தையின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நீளமான கதை போலிருந்தது. நடுவில் ஒருமுறை இனியா தலையைத் தூக்கி மேலே அவனைப் பார்த்தாள்.

பிறகு நடந்தார்கள்.

அவன் பையை எடுத்தான்.

சுபத்ரா எழவில்லை. “நீங்க போங்க” என்றாள்.

இனியாதான் முதலில் வந்தாள். முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஷூவின் பின்பக்கத்தை மடித்து மிதித்துக்கொண்டு வந்தாள். வெள்ளைக் காலுறையில், குதிகால் பக்கம், காசளவு சிவப்பு.

அவள் பெஞ்சைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. அவன் முன்னால் வந்து கைகளை உடம்போடு ஒட்டவைத்து நேராக நின்றாள்.

“அஞ்சு நிமிஷம் சார்.”

முப்பத்தைந்து வருஷமாக அப்பாவின் வாயிலிருந்து அவன் கேட்கக் காத்திருந்த அதே சொற்கள்.

விளையாட்டென்று நினைத்து சுபத்ரா சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. பேத்திக்குப் பின்னால் வந்து நின்றார். அவரும் கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டார். முழங்கால்கள் இரண்டும் நடுங்கின. அவர் பெஞ்சில் உட்காரவில்லை.

இருவரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பையின் வார் ஏற்கெனவே அவன் தோளில் இருந்தது.