மூன்று கப்பல்கள்

உளவுத்துறையில் சேருகிற எல்லோருடைய தொண்டையிலும் ஒரு பூட்டு வைப்பார்கள். துறைக்கு வெளியே இருப்பவரிடம் பேசும்போது ரகசியம் நாக்குக்கு வந்தால் குரல் நின்றுவிடும்.

அன்று காலை, தூத்துக்குடியிலிருந்து பத்து மணிக்குக் கிளம்பும் கப்பலில் குண்டு இருப்பதாக, அதை வைத்த கும்பலுக்குள் இருக்கும் உளவாளியிடமிருந்து ஜெசிந்தாவுக்குத் தகவல் வந்தது. அதே கப்பலில் போகவிருந்த கணவன் லூர்துவை அழைத்தாள். "ஏங்க, நீங்க அந்த..." அதற்கு மேல் குரல் வரவில்லை.

மேலதிகாரி செண்பகவல்லியிடம் ஓடினாள். "கப்பல நிறுத்துங்க மேடம்."

"அத மட்டும் நிறுத்தினா, தகவல் கொடுத்த நம்ம ஆள அந்தக் கும்பல் உயிரோட விடாது, ஜெசிந்தா."

"அப்போ இன்னைக்குக் கிளம்புற மூணு கப்பலையும் நிறுத்துவோம். வழக்கமான சோதனைன்னு மோப்ப நாய விடுவோம். நாய்தான் கண்டுபிடிச்சுதுன்னு எல்லாரும் நம்புவாங்க."

செண்பகவல்லி உடனே உத்தரவிட்டார். இரண்டாவதாகச் சோதித்த பத்து மணிக் கப்பலில் ஒரு மூட்டையருகே உட்கார்ந்த நாய் நகர மறுத்தது. நானூறு பேரும் பத்திரமாக இறங்கினார்கள். மதியம் உளவாளியிடமிருந்து செய்தி வந்தது: "என் மேல யாருக்கும் சந்தேகமில்ல." அலுவலகமே எழுந்து கைதட்டியது.

சற்று நேரத்தில் லூர்து அழைத்தான். "ஜெசி, எங்க உயிரக் காப்பாத்தின நாய்க்கு மாலை வாங்கப் போறேன்!"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"ரெண்டு மாலையா வாங்குங்க," என்றாள்.